சத்தாய் நிஷ்களமாய் (கிறிஸ்தவப் பாடல்)

சத்தாய் நிஷ்களமாய், எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) இயற்றிய கிறிஸ்தவ பக்திப் பாடல். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. தமிழ்ப் புராட்டஸ்டன்ட் சபைகளின் பாடல் நூல்களில் இடம்பெற்று இன்றும் வழிபாட்டில் பாடப்படுகிறது. சைவப் பதிகத்தின் வடிவத்தையும் சொற்களையும் எடுத்துக்கொண்டு கிறிஸ்தவ இறையியலைப் பாடுவது என்ற அளவில் இப்பாடல் பரவலாக அறியப்படுகிறது. அந்த விளக்கம் சரியானதே, ஆனால் முழுமையானதல்ல. வடிவத்தை எடுத்துக்கொண்ட கவிஞர் அதில் எதை மாற்றினார் என்று பார்க்கும்போதுதான் பாடலின் உட்பொருள் தெரியவரும்.

ஆசிரியர்

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை திருநெல்வேலி அருகே கரையிருப்பு என்ற ஊரில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே கம்பராமாயணத்திலும் வைணவ நூல்களிலும் பயிற்சி பெற்றார். 1853-ல் சாயர்புரத்தில் மிஷன் கல்வி நிலையத்தின் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அங்கே கிறிஸ்தவ நூல்களோடும் கிறிஸ்தவர்களான நண்பர்களோடும் ஏற்பட்ட பழக்கம் அவரை மதமாற்றத்துக்கு இட்டுச் சென்றது. 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்ஃபிரட் கிருஷ்ண பிள்ளை ஆனார். பழைய பெயரை அவர் விட்டுவிடவில்லை. புதிய பெயரை அதன் முன்னால் சேர்த்துக்கொண்டார்.

ஜான் பனியன் 1678-ல் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-ல் வெளிவந்தது. ஆதி பருவம் முதல் இரட்சணிய பருவம் வரை ஐந்து பருவங்கள் கொண்ட இக்காவியம் அவருக்குக் 'கிறிஸ்தவக் கம்பர்' என்ற பெயரைத் தந்தது. காவியத்தின் இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே இசைப்பாடல்களை அமைத்திருக்கிறார். போற்றித் திருவகவல் என்ற அவருடைய சிறு நூலின் தலைப்பும் திருவாசகத்திலிருந்து வந்தது. இரட்சணிய மனோகரம் 1899-ல் வெளிவந்தது.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர் சைவர் அல்லர், வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். இருந்தும் பக்திப் பாடல் எழுத முற்பட்டபோது தேவார, திருவாசக மொழியே அவரிடம் வந்தது. 19-ஆம் நூற்றாண்டுத் திருநெல்வேலியில் தமிழ் கற்ற ஒருவருக்கு அந்த மொழி ஒரு சமயத்தின் சொத்தாக மட்டும் இருக்கவில்லை, இறைவனோடு பேசுவதற்கான பொதுமொழியாகவும் இருந்தது. கிறிஸ்தவத் தமிழறிஞர்களையும் அது ஈர்த்தது. சாயர்புரத்தில் முன்பு பணியாற்றிய ஜி.யு. போப் திருவாசகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது 1900-ல், கிருஷ்ண பிள்ளை மறைந்த ஆண்டில்.

பின்னணி: மூன்று வகைப் பாடல்கள்

தமிழ்ப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களின் வழிபாட்டுப் பாடல்கள் மூன்று ஊற்றுகளிலிருந்து வந்தவை. முதலாவது, தரங்கம்பாடி மிஷன் வழியாக வந்த ஞானப்பாட்டுகள். இவை பெரும்பாலும் ஜெர்மானியப் பாடல்களின் மொழிபெயர்ப்புகள். மூல மெட்டு மாறாமலிருக்கத் தமிழ் அந்த மெட்டுக்கு வளைக்கப்பட்டது. இரண்டாவது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வளர்த்த கீர்த்தனை மரபு. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கர்நாடக இசையின் உடலைக் கிறிஸ்தவப் பாட்டுக்கு அவர் அளித்தார்.

கிருஷ்ண பிள்ளை மூன்றாவது வழியைத் திறந்தார். தஞ்சை அரசவைக் காலத்துக் கீர்த்தனைக்கும் முந்தைய பதிக வடிவத்துக்குச் சென்றார். கீர்த்தனையில் பல்லவி திரும்பத் திரும்ப வந்து பாடலைத் தாங்குகிறது. பதிகத்தில் ஒவ்வொரு பாடலும் தனியே நின்று, ஒரே ஈற்றடியில் போய் முடிகிறது. கீர்த்தனை தொடங்கிய இடத்துக்குத் திரும்புகிறது. பதிகம் ஒவ்வொரு முறையும் வேறொரு வழியில் நடந்து அதே வாசலுக்கு வந்து சேர்கிறது.

முன்மாதிரி: சுந்தரரின் மழபாடிப் பதிகம்

சத்தாய் நிஷ்களமாய் பாடலின் ஓசையும் அமைப்பும் சுந்தரர் திருமழபாடியில் பாடிய பதிகத்தை அடியொற்றியவை. இரண்டும் நான்கடிப் பாடல்களால் ஆனவை. இரண்டிலும் நான்கு அடிகளின் முதற்சீர்களும் எதுகையால் கட்டப்பட்டுள்ளன. நான்காம் அடி இறைவனை விளித்துத் தொடங்கி, 'உன்னையல்லால்' என்ற சொல்லைத் தொட்டு, ஒரு கேள்வியில் முடிகிறது.

இந்த அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஈற்றடியின் பிற்பகுதி மாறுவதில்லை, விளிச்சொல் மட்டும் அந்தந்தப் பாடலின் எதுகைக்கு ஏற்ப மாறுகிறது. கிருஷ்ண பிள்ளையின் பாடலில் அத்தன், அம்மான், அரசன், தாய் என்று இறைவனின் பெயர்கள் மாறிக்கொண்டே வருகின்றன. எதுகைக்காக வந்த சொல் என்று தோன்றும் இடத்தில் உறவின் நிறமும் மாறிவிடுகிறது. தலைவனிடம் கேட்ட அதே கேள்வி அடுத்து அரசனிடமும் பின்னர் தாயிடமும் கேட்கப்படுகிறது. கேள்வி ஒன்றேயாயினும், யாரிடம் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் தொனி வேறாகிறது. இந்த உத்தி சுந்தரருடையது. கிருஷ்ண பிள்ளை அதைப் பிசகில்லாமல் கையாள்கிறார்.

சொற்கள் இடம்பெயரும் விதம்

பாடலின் முதல் இரண்டு அடிகள் சத்து, நிஷ்களம், சாமியம், சித்து, ஆனந்தம் என்ற தத்துவச் சொற்களால் நிறைந்தவை. சத்து, சித்து, ஆனந்தம் மூன்றும் வேதாந்தத்தில் பரம்பொருளின் இயல்பைக் குறிப்பவை. நிஷ்களம் சைவ சித்தாந்தத்தில் உருவமற்ற, பகுப்பற்ற நிலையைக் குறிக்கும். சாமியம் என்பது ஒப்பு. இரண்டாம் அடியின் இறுதிச் சொல் வரும்வரை ஒரு சைவர் இதைத் தம் பாடலாகவே பாடிச் செல்லலாம். அந்த இறுதிச் சொல் 'திரித்துவம்'. அதுவரை அடுக்கப்பட்ட எல்லாச் சொற்களும் அந்த ஒரு சொல்லால் கிறிஸ்தவச் சொற்களாகின்றன. சத்து, சித்து, ஆனந்தம் என்ற மூன்றும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூன்றை நினைவூட்டும் வகையில் நின்றுவிடுகின்றன.

சச்சிதானந்தத்தையும் திரித்துவத்தையும் இணைக்கும் முயற்சி அந்த நூற்றாண்டில் வங்காளத்திலும் நிகழ்ந்தது. கேசவ சந்திர சென் 1882-ல் ஆற்றிய உரையில் இந்த ஒப்புமையை முன்வைத்தார். பிரம்மபாந்தவ உபாத்யாயர் 1898-ல் சச்சிதானந்தத்தை வணங்கும் சமஸ்கிருதப் பாடலை வெளியிட்டார். பின்னர் 1950-ல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் ஜூல் மோன்ஷானினும் ஆன்றி லெ சோவும் தொடங்கிய ஆசிரமம் சச்சிதானந்தம் என்ற பெயரையே ஏற்றது. வங்காளத்தில் அந்த இணைப்பு தத்துவ விவாதமாக உரைமேடைக்கும் இதழ்களுக்கும் உரியதாக இருந்தது. கிருஷ்ண பிள்ளையிடம் அது விவாதமாக இல்லை. இரண்டு அடிகளில் தத்துவத்தைச் சொல்லி முடித்து, மூன்றாம் அடியிலேயே நாயடியேன் எப்படிக் கடைத்தேறுவேன் என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார். தத்துவம் அவருக்கு வாசற்படி மட்டுமே.

வேறு சில சொற்கள் ஒலி மாறாமல் பொருள் மட்டும் மாறுகின்றன. 'பவம்' சைவ மரபில் பிறவியைக் குறிக்கும். பிறவிக் கடலைக் கடக்கும் புணையாக இறைவன் திருவடியைச் சொல்வது பழைய உருவகம். கிருஷ்ண பிள்ளையும் கடலையும் புணையையும் அப்படியே வைத்துக்கொள்கிறார். ஆனால் மறுபிறவியை ஏற்காத சமயத்தில் பவம் பிறவித் தொடர் ஆக முடியாது. அது பாவம் ஆகிறது. கடல் அதே கடல்தான், அதில் மூழ்குவதற்கான காரணம் வேறு.

'கையடை' இன்னொரு சொல். காப்பதற்காக ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்பது இதன் பொருள். கம்பராமாயணம் கற்றவருக்கு இச்சொல் உடனே ஓர் இடத்தை நினைவூட்டும். தசரதன் இராமனை விசுவாமித்திரரிடம் ஒப்படைக்கும் பகுதி கையடைப் படலம். வைணவத்தின் சரணாகதிக் கருத்தும், ஆன்மாவைக் காக்கும் பொறுப்பை இறைவனிடமே விட்டுவிடும் எண்ணமும் இச்சொல்லில் உண்டு. வடிவத்தைச் சைவத்திடமிருந்து பெற்ற கவிஞர், ஒப்படைத்தல் என்ற உணர்வைத் தாம் பிறந்த மரபிலிருந்தே கொண்டுவருகிறார் எனலாம்.

'சும்மா' என்ற எளிய சொல்லும் இங்கே பெரும் வேலை செய்கிறது. கைம்மாறு எதுவும் கேளாமல், தகுதி எதுவும் பாராமல் மீட்பு தரப்படுகிறது என்பது புராட்டஸ்டன்ட் சமயத்தின் அடிப்படைக் கொள்கை. கடினமான தத்துவச் சொற்களோடு தொடங்கிய பாடல், அந்தச் சமயத்தின் உயிர்நாடியைச் சொல்ல வேண்டிய இடத்தில் வீட்டுத் திண்ணையில் புழங்கும் சொல்லைத் தேர்ந்துகொள்கிறது.

உருகுவது யார்

பக்திப் பாடல்களில் உருகுதல் பெரும்பாலும் அடியவரின் செயல். நெஞ்சம் உருகுவதும் என்பு உருகுவதும் திருவாசகத்தில் திரும்பத் திரும்ப வருபவை. கிருஷ்ண பிள்ளையின் இரண்டாம் பாடலில் உருகுவது இறைவன். மனித ஆவிக்காக அவர் உருகி, தம் உயிரைக் கொடுத்துக் காக்கிறார்.

பாடலின் உள்முரண் இங்கே தொடங்குகிறது. முதல் பாடலில் உருவமற்றவர், ஒப்பற்றவர் என்று சொல்லப்பட்ட பரம்பொருள் அடுத்த பாடலிலேயே உயிரை ஈகிறது. நஞ்சை உண்டும் இறவாதவன் என்பது சிவனின் புகழ். இறந்து காத்தவர் என்பது கிறிஸ்துவின் புகழ். நிஷ்களமான ஒன்று எப்படி இறக்க முடியும் என்ற கேள்விக்குப் பாடல் விடை சொல்லவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு நகர்கிறது. இதைக் குறையாகக் கொள்பவர்கள் உண்டு. ஆனால் அவதாரக் கோட்பாட்டின் வியப்பே இந்த இரண்டு நிலைகளும் ஒருவரிடம் கூடுவதில்தான் இருக்கிறது. கவிஞர் அதை விளக்கியிருந்தால் பாடல் வினா விடைப் போதகம் ஆகியிருக்கும். பதிக வடிவம் அவருக்கு உதவுகிறது. ஒவ்வொரு பாடலும் தனித்து நிற்பதால், முன்னதையும் பின்னதையும் தர்க்கத்தால் இணைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஈற்றடி மட்டுமே இணைக்கிறது.

மாற்றப்பட்ட கேள்வி

இப்பாடலைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் கவனிக்கப்படாதது ஈற்றடியின் மாற்றம். சுந்தரரின் கேள்வி, உன்னையன்றி இனி யாரை நினைப்பேன் என்பது. கிருஷ்ண பிள்ளையின் கேள்வி, உன்னையன்றி எனக்குத் துணை யார், உறவு யார் என்பது. நினைவைப் பற்றிய கேள்வி உறவைப் பற்றிய கேள்வியாகிறது.

பெரியபுராணம் சொல்லும் கதை சுந்தரரின் கேள்விக்கு ஒரு சூழலைத் தருகிறது. ஆலம்பொழிலில் தங்கியிருந்த சுந்தரரின் கனவில் சிவன் தோன்றி, மழபாடிக்கு வருவதற்கு மறந்தாயோ என்று கேட்கிறார். சுந்தரர் விழித்தெழுந்து மழபாடி சென்று இப்பதிகத்தைப் பாடுகிறார். அக்கதையோடு சேர்த்துப் படித்தால், யாரை நினைப்பேன் என்பது மறந்தாயோ என்ற கேள்விக்கான விடை. தோழன் தோழனுக்குச் சொல்லும் சமாதானம். அங்கே ஐயத்துக்கு உள்ளாவது அடியவரின் நினைவு மட்டுமே. அவருடைய உறவுகள் எங்கும் போய்விடவில்லை. அவர் வாழும் உலகமும் அவர் பாடும் இறைவனையே வணங்குகிறது.

1858-க்குப் பிறகு எழுதும் கிருஷ்ண பிள்ளையின் நிலை வேறு. அவரை நோக்கி எழுந்திருக்கக்கூடிய கேள்வி மறந்தாயோ என்பதல்ல, இனி உனக்கு யார் இருக்கிறார்கள் என்பது. மதம் மாறியவர் தம் சாதியின் பந்தியிலும் வீட்டுச் சடங்குகளிலும் இடமிழந்த காலம் அது. பாடலின் நான்காவது பகுதியில் தாய், தந்தை, தமர், குரு, செல்வம், நட்பு என்று ஒருவரின் சமூக வாழ்வைத் தாங்கும் தூண்கள் வரிசையாக எண்ணப்படுகின்றன. எல்லாம் நீயே என்று முடிக்கப்பட்டவுடன், இகழ்ந்து கூவும் உலகம் ஒன்று வருகிறது. அந்த உலகத்தோடு எனக்கு என்ன உரிமை என்று கவிஞர் கேட்கிறார்.

இறைவனைத் தாயாகவும் தந்தையாகவும் சுற்றமாகவும் பாடியவர்களில் அப்பரும் உண்டு. அவரிடம் அது நிறைவின் கூற்று. எல்லா உறவுகளிலும் இறைவன் தெரிகிறான். கிருஷ்ண பிள்ளையிடம் அதே பட்டியல் இழப்பின் கணக்காகவும் ஒலிக்கிறது. ஒவ்வோர் உறவின் பெயரும் காலியான ஓரிடத்தைச் சுட்டுகிறது. அந்த இடங்களில் எல்லாம் ஒருவரே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

கையடை, சுதந்தரம், உரிமை, செல்வம் என்று பாடலில் வரும் சொற்களைச் சேர்த்துப் பார்த்தால் அவை சொத்தின் மொழியாகவும் இருப்பது தெரியும். சுதந்தரம் என்பதற்குத் தமிழ் விவிலிய வழக்கில் வாரிசுரிமை என்றே பொருள். மதம் மாறியவர் வாரிசுரிமையை இழப்பதைத் தடுக்கும் சட்டத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1850-ல், அதாவது அவர் ஞானஸ்நானம் பெறுவதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பு, இயற்றியிருந்தது. சட்டம் நிலத்தையும் வீட்டையும் காக்கலாம். துணையையும் உறவையும் தருவதற்கு எந்தச் சட்டத்தாலும் முடியாது. தனக்குச் சொல்லிக்கொள்ள எந்தச் சுதந்தரமும் இல்லை என்ற கூற்று இறையருளைப் பற்றியது. ஆனால் அந்த ஊரில், அந்த ஆண்டுகளில், அச்சொல்லைக் கேட்டவர்களுக்கு அது இறையியலாக மட்டும் கேட்டிருக்காது.

குறைகள்

முதல் இரண்டு அடிகளின் சொற்சுமை இப்பாடலின் வெளிப்படையான குறை. நிஷ்களம், சாமியம் போன்ற சொற்கள் கவிஞரின் காலத்திலேயே சித்தாந்தம் கற்றவர்களுக்கு மட்டும் தெளிவானவை. இன்று பாடுபவர்கள் நிஷ்களத்தை 'நிஷ்களங்கம்' என்று எண்ணிக் குற்றமற்றவர் என்று பொருள்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. அப்படிக் கொண்டால் உருவமற்றவர் உயிர் கொடுத்தார் என்ற பாடலின் இழுவிசை காணாமற்போகிறது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அடியவர்களின் நீண்ட வரிசையைப் பாடியவர். தேவாரப் பாடல்களில் இறைவனுக்கு ஊர் உண்டு. ஆறும் சோலையும் அடியவர் கூட்டமும் உண்டு. மழபாடி என்ற ஊரின் பெயர் அப்பதிகத்தின் பாடல்களில் ஒலிக்கிறது. கிருஷ்ண பிள்ளை பதிகத்தின் ஓசையை எடுத்துக்கொண்டபோது ஊர் விடுபட்டுவிட்டது. கடலில் மூழ்கிய தீயவர்களைச் சொல்லும் இடத்தில் 'எம்மை' என்ற பன்மை வருகிறது. துணையையும் உறவையும் கேட்கும் ஈற்றடியில் 'எனக்கு' என்ற ஒருமை மட்டுமே. மூழ்குபவர்கள் பலர், கரையில் நின்று கேட்பவர் ஒருவர். மீட்கப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் உறவாகலாம் என்ற எண்ணத்துக்கு ஈற்றடியில் இடமில்லை. சபை என்ற கருத்தை மையமாகக் கொண்ட சமயத்தின் பாடலில் இது சாதாரண இடைவெளி அல்ல.

இலக்கிய இடம்

இந்தக் குறையைப் பாடல் பாடப்படும் விதம் ஓரளவு ஈடுசெய்கிறது. எனக்கு உறவு யார் என்ற கேள்வியை ஒரு சபையார் சேர்ந்து பாடும்போது, தனியொருவரின் கேள்வி பலரின் குரலாகிறது. கேள்வி அப்படியே இருக்க, கேட்பவர் தனியாக இல்லை என்பது பக்கத்து இருக்கையிலிருந்து வரும் குரலால் தெரிகிறது. வாசிக்கும்போது கிடைக்காத இந்தப் பொருள் பாடும்போது மட்டுமே கிடைப்பது.

இரட்சணிய யாத்திரிகம் கிருஷ்ண பிள்ளையின் பெரும்படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் வாசகர்கள் தமிழ் கற்றவர்களாகவே இருந்துவந்துள்ளனர். சத்தாய் நிஷ்களமாய், எழுத்தறியாதவர்களின் நாவிலும் நின்றது. சைவத்தின் வடிவத்தையும் வைணவத்தின் சரணாகதியையும் கிறிஸ்தவத்தின் மீட்பையும் ஒரே பாடலில் கூட்டியது அதன் சாதனை என்பர். சாதனை கூட்டியதில் மட்டும் இல்லை. மூன்று மரபுகளையும் அறிந்த ஒருவர், அவற்றில் இரண்டை விட்டு வெளியேறியபின் அவற்றின் மொழியிலேயே தன் தனிமையைச் சொல்ல முடிந்தது என்பதில் இருக்கிறது. உறவுகள் விலகியிருக்கலாம், மொழி அவரை விட்டு விலகவில்லை. துணை யார் என்ற கேள்விக்குப் பாடல் இறைவனையே விடையாகச் சொல்கிறது. அந்த விடைக்குச் சொல் தந்து துணை நின்றவர்களில் மழபாடியில் பாடிய சுந்தரரும் ஒருவர்.